சுமை யாருடையது?

போன மாதம் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். "அண்ணே, அக்டோபர்ல அன்னபூர்ணா சுத்து நடக்கப் போறேன். காசு கம்மிதான். போர்ட்டர்லாம் வைக்க முடியாது. பை எவ்ளோ எடைக்குள்ள இருக்கணும்? உங்க லிஸ்ட் இருந்தா அனுப்புங்க."

லிஸ்ட் என்னிடம் இருக்கிறது. 2018இல் அதே பாதையில் நடக்கக் கிளம்பியபோது தயாரித்தது. 38 லிட்டர் பை. நடக்க ஒரு செட் உடை, தூங்க ஒரு செட். மூன்று ஜோடிக் காலுறை. தாமெல் கடையில் வாடகைக்கு எடுத்த தூக்கப்பை. ஒரு டவுன் ஜாக்கெட், ஒரு மழைச்சட்டை, தலைவிளக்கு, குளோரின் மாத்திரை, பவர்பேங்க். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிராம் கணக்கு. பசார் மாலாமில் வாங்கிய கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு எடை பார்த்தேன். பல்துலக்கியின் கைப்பிடியைக்கூட வெட்டினேன். கடைசியில் தண்ணீரோடு சேர்த்து ஒன்பது கிலோ. அந்த எண்மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஊர் திரும்பியதும் 'ஒன்பது கிலோ' என்ற தலைப்பிலேயே ஒரு பயணக் கட்டுரை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். எளிமை, துறப்பு, தேவையற்றதை உதறுதல் என்றெல்லாம் அதில் நிறைய சொல்லியிருந்தேன்.

தம்பிக்கு லிஸ்ட்டோடு அந்தக் கட்டுரையையும் சேர்த்து அனுப்பலாம் என்று எடுத்துப் படித்தேன். பாதியிலேயே அனுப்ப மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கட்டுரையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அந்தக் கட்டுரை எந்த நூல்களைப் படித்துப் பழகிய கையால் எழுதப்பட்டதோ, அவற்றையும் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எடையைக் குறைப்பது வெறும் ஃபேஷன் இல்லை. அன்னபூர்ணாச் சுற்றின் உச்சமான தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கிள்ளானில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். கீழே நாம் கண்டுகொள்ளாத ஒரு கிலோ, மேலே பத்து அடிக்கு ஒருதரம் நிற்க வைக்கும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வெடு என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. மெதுவாகப் போக நாள் வேண்டும்; நாள் கூடினால் செலவு கூடும்; செலவைக் குறைக்க ஆள் வைக்காமல் நாமே தூக்க வேண்டும்; நாமே தூக்க எடை குறைய வேண்டும். மலிவுப் பயணமும் லேசான பையும் இப்படித்தான் ஒன்றோடு ஒன்று கட்டிக்கொள்கின்றன. இதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த லேசுத்தன்மையைப் பற்றி நாம் எழுதும் விதத்தில்தான் எனக்கு வழக்கு.

லேசான பயணத்தின் ஆதிநூல் என்று கேட்டால் நான் எரிக் ஷிப்டனின் 'நந்தா தேவி'யைத்தான் சொல்வேன். 1934இல் ஷிப்டனும் டில்மனும் ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கு வழியாக நந்தா தேவியின் உள்வட்டத்துக்குள் நுழைந்தார்கள். அதற்குமுன் வந்த குழுக்கள் எல்லாம் அதற்குள் நுழைய முடியாமல் தோற்றுத் திரும்பியவை. இவர்கள் இருவர், கூட மூன்று ஷெர்ப்பாக்கள்: ஆங் தார்க்கே, பாசாங், குசாங். இங்கிலாந்திலிருந்து போய்வந்த கப்பல் செலவு உட்பட ஆளுக்கு ஏறத்தாழ 143 பவுண்டுதான் ஆனது. 1936இல் நூல் வெளிவந்தது. பெரிய பட்டாளம், டப்பா உணவு, மேசை நாற்காலி என்று இமயமலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காலத்தில், ஷெர்ப்பாக்கள் உண்ணும் மாவையும் சோற்றையுமே தானும் உண்டு, அவர்களோடு சேர்ந்து தானும் மூட்டை தூக்கிய ஒரு வெள்ளைக்காரரின் நூல் அது. ஒரு தபால் உறையின் பின்பக்கத்தில் திட்டமிட முடியாத பயணம் போகத் தகுந்ததே அல்ல என்ற பேச்சு இந்த இருவரோடும் ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை.

இன்றைக்கும் அந்த நூல் புதிதாக இருக்கிறது. ஷிப்டனின் உரைநடையில் வீராப்பு கிடையாது. முக்கியமாக, அவர் நூலில் ஷெர்ப்பாக்களுக்குப் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. அந்தக் காலத்து மலை நூல்களில் இது சாதாரண விஷயம் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1952இல், எவரெஸ்ட் குழுவின் தலைமை ஷிப்டனிடமிருந்து எடுக்கப்பட்டு ஜான் ஹன்ட்டிடம் போனது. 1953இல் ஹன்ட் 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளோடு போனார், எவரெஸ்ட் வெல்லப்பட்டது. லேசாகப் போனவர் தோற்றார், கனமாகப் போனவர் ஜெயித்தார் என்று வரலாறு எழுதிக்கொண்டது. இளம் வாசகர்களுக்கு ஷிப்டனைப் பிடித்துப்போக இதுவும் ஒரு காரணம். தோற்ற பக்கத்தின் நியாயம் நமக்கு எப்போதும் இனிக்கும். எனக்கும் அப்படித்தான்.

ஆனால் ஷிப்டனைப் படித்தவர்களில் எத்தனை பேர் ஆங் தார்க்கேயைப் படித்திருக்கிறோம்? அவரும் ஒரு நூல் தந்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட அந்த நினைவுக்குறிப்பு 1954இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் வருவதற்கு 2016 வரை ஆனது. அறுபத்திரண்டு ஆண்டுகள். அந்த நூலில் கோபத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறலாம். கும்பு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, மலைக்குழுக்களில் வேலை கிடைக்கும் என்று டார்ஜிலிங் போன ஓர் இளைஞன், தன் வேலையை எப்படிக் கற்றான், எப்படி அதில் பெயர் வாங்கினான் என்பதைச் சொல்லும் நூல் அது. ஷிப்டனுக்கு மலை ஒரு கனவு. ஆங் தார்க்கேக்கு அது பிழைப்பு. பிழைப்பில் அவர் கண்டுகொண்ட பெருமையும்கூட. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது, 'லேசு' என்ற சொல்லே எனக்கு இரண்டாகப் பிரிந்தது. கூலிக்குச் சுமப்பவனுக்கு மூட்டை குறைவது முதுகுக்கு நல்லது. ஆனால் மூட்டைகளே குறைந்துபோனால் கூலியாட்களும் குறைவார்கள். அவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஷிப்டனின் நூலுக்குள் இருந்து இதைப் பார்க்க முடியாது. அது ஷிப்டனின் குற்றம் இல்லை. அவர் நூலை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்ட நம் குற்றம்.

ஆங் தார்க்கே இன்னொரு புகழ்பெற்ற நூலிலும் வருகிறார். மொரீஸ் ஹெர்சாக்கின் 'அன்னபூர்ணா'. 1950 ஜூன் 3ஆம் தேதி ஹெர்சாக்கும் லூயி லாஷெனாலும் 8,091 மீட்டர் அன்னபூர்ணா உச்சியைத் தொட்டார்கள். எட்டாயிரம் மீட்டர் மலை ஒன்றின் உச்சியை மனிதர்கள் அடைந்தது அதுவே முதல்முறை. ஷெர்ப்பாத் தலைவராக அந்தக் குழுவில் இருந்த ஆங் தார்க்கேயையும் உச்சிக்கு வரும்படி ஹெர்சாக் அழைத்தார். கால் உறையத் தொடங்குகிறது என்று சொல்லி அவர் மறுத்துக் கீழே இறங்கிவிட்டார். அவர் கால்கள் பிழைத்தன.

உச்சியிலிருந்து இறங்கும் வழியில் ஹெர்சாக் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அந்த உயரத்தில், அந்த மயக்கத்தில், அது அவருக்குத் தோன்றவே இல்லை. கைவிரல்களையும் கால்விரல்களையும் பனிக்கடிக்குப் பறிகொடுத்தார். கையுறை போன கதையை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிந்திய பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். நடக்க முடியாத ஹெர்சாக்கையும் லாஷெனாலையும் பருவமழையில், வழுக்கும் பாதையில், வாரக்கணக்கில் ஷெர்ப்பாக்களும் கூலியாட்களும் முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சாமான்களைச் சுமந்த அதே முதுகு இப்போது சாமானின் சொந்தக்காரரையே சுமந்தது. அதுவரை மூட்டைகளின் தலைவனாக இருந்தவர் தானே ஒரு மூட்டையானார். விரல் இல்லாததால் ஹெர்சாக்கும் தன் நூலை மருத்துவமனையில் இருந்தபடி வாய்மொழியாகத்தான் சொன்னார். ஒரே மலை, ஒரே குழு, இரண்டு பேர், இரண்டுமே வாயால் சொல்லி எழுதப்பட்டவை. ஒன்று உலகமெங்கும் மலை இலக்கியத்தின் பெருநூலாக விற்றது. மற்றது அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்துக்கு வெளியே காத்திருந்தது.

ஹெர்சாக்கின் நூலை மோசமானது என்று சொல்ல மாட்டேன். வலியைப் பற்றி அது சொல்லும் இடங்கள் இன்றும் கை நடுங்க வைக்கின்றன. ஆனால் தன்னைச் சுமந்த முதுகுகளை அவர் பார்ப்பது மேலே இருந்து. அந்த முதுகில் இருக்கும்போதும் மேலே இருந்துதான்.

இனி மத்தீசன். பயணத்துக்குப் புத்தகம் எடுத்துப் போவது எடை என்பதால், பீட்டர் மத்தீசனின் 'தி ஸ்னோ லெப்பர்ட்' நூலை போனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். மனாங்கில் இரண்டு இரவுகள் தூக்கப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டு படித்தேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் போனும் என்னோடு உள்ளேதான் தூங்கியது.

1973இல் உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர் நீல ஆடுகளை ஆராய டோல்போ பகுதியின் ஷே மடாலயத்துக்குப் போகிறார். மத்தீசனும் கூடப் போகிறார். அதற்கு முந்தைய ஆண்டு மத்தீசனின் மனைவி புற்றுநோயில் இறந்திருந்தார். நூலின் பயணம் உண்மையில் அந்த இழப்பை இறக்கி வைக்கப் போகும் பயணம். பனிச்சிறுத்தையை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்காமலே நிறைவது எப்படி என்பதுதான் நூல். இவ்வளவு நேர்மையான பயணநூல் ஆங்கிலத்தில் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

அதில் ஓர் இடம். மலைமேல் இருக்கும்போது வீட்டிலிருந்து கடிதங்கள் வந்து சேர்கின்றன. மத்தீசன் அவற்றைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துவிடுகிறார். கெட்ட செய்தி இருந்தாலும் இங்கிருந்து என்ன செய்ய முடியும், இந்த நாளின் தெளிவு கலையும், அவ்வளவுதானே என்பது அவர் நியாயம். மனாங்கில் அதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இதுதான் உண்மையான லேசுத்தன்மை என்று கட்டுரையில் ஒரு பத்தியே எழுதினேன். இப்போது படிக்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. வீட்டில் எட்டு வயது மகன் இருக்கிறான். அம்மாவை இழந்து இரண்டு வருடம் ஆகவில்லை. நன்றி நாளுக்குள் அப்பா திரும்பிவிடுவார் என்று நம்பிக் காத்திருக்கிறான். அந்தக் கடிதங்கள் மத்தீசனின் பையில் சில கிராம்தான். பிரிக்காத கடிதத்தின் கனம் அந்தப் பையனிடம் இருக்கிறது. மத்தீசன் இதை அறியாதவர் இல்லை. குற்ற உணர்வை நூலில் மறைக்கவும் இல்லை. அந்த நேர்மையால்தான் அவரை இப்படிக் கேள்வி கேட்க முடிகிறது. நானோ அம்மாவிடம் "அங்க லைன் கிடைக்காதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளூர் சிம் வாங்காமல் போனேன். மனாங் வரை லைன் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

மத்தீசன் நூலில் மறக்கமுடியாத மனிதர் டுக்டென். மற்றவர்கள் நம்பாத, குடிகாரர் என்று பெயரெடுத்த ஒரு ஷெர்ப்பா. மத்தீசனுக்கோ அவர் ஒருவித குரு. கடைசியில் போதநாத் தூபியருகே சந்திப்பதாகச் சொன்ன டுக்டென் வரவில்லை. மத்தீசன் காத்திருந்து திரும்புகிறார். அழகான முடிவு. ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. சுமை தூக்குகிறவனை ஒன்று காணாமல் விடுகிறோம், இல்லாவிட்டால் ஞானி ஆக்கிவிடுகிறோம். இரண்டிலும் அவனுக்குச் சம்பளம் எவ்வளவு, செருப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவை போய்விடுகிறது.

இனி என் கட்டுரைக்கு வருகிறேன். அதில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: "விடுதியின் சன்னலோரம் அமர்ந்தேன், சுடச்சுடத் தேநீர் வந்தது." தேநீர் வந்தது. எப்படி வந்தது? தானாக நடந்தா வந்தது? தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தை நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். தேநீர் வரும். கூடாரம் அமைக்கப்படும். மூட்டைகள் மேலே கொண்டுவரப்படும். நம் மொழியில் செயப்பாட்டுவினை இவ்வளவு கச்சிதமாக இருப்பது செய்தவனை மறைக்கத்தானோ என்று தோன்றும் அளவுக்குப் பயன்படுத்துகிறோம். எழுவாயைத் தூக்கி எறிந்தால் வாக்கியமும் லேசாகிவிடுகிறது.

நான் ஒன்பது கிலோவோடு நடக்க முடிந்தது ஏன்? கூடாரம் இல்லை, அடுப்பு இல்லை, அரிசி இல்லை. அவையெல்லாம் விடுதியில் இருந்தன. விடுதியில் கனத்த போர்வை இருந்ததால் மெல்லிய தூக்கப்பை போதுமாக இருந்தது. மனாங் வரை இப்போது ஜீப் பாதை இருக்கிறது. அதற்கு மேலே யாக் கார்க்கா, தோரோங் ஃபேடி போன்ற இடங்களில் இருக்கும் எரிவாயு உருளை, முட்டை அட்டை, கூரைத் தகரம் எல்லாம் கோவேறு கழுதை மேலோ மனிதர் மேலோ ஏறி வந்தவை. அந்தச் சாமான்களில் என் பங்கையும் சேர்த்து நிறுத்தால் என் பை ஒன்பது கிலோவாகவா இருக்கும்? நான் எடையைக் குறைக்கவில்லை. இடம் மாற்றினேன்.

2005இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் நேப்பாளச் சுமைதூக்கிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. எவரெஸ்ட் பகுதியின் நாம்சே சந்தைக்குச் சாமான் கொண்டுபோகிறவர்களை நிறுத்துப் பார்த்திருந்தார்கள். ஆண்கள் சுமந்தது சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடு. பெண்கள் சுமந்தது மூன்றில் இரண்டு பங்கு. டோகோ என்ற மூங்கில் கூடை, அதை நெற்றியில் தாங்கும் நாம்லோ என்ற பட்டை, நின்று இளைப்பாறும்போது கூடைக்கு முட்டுக்கொடுக்க ஒரு தடி. இதுதான் அவர்கள் உபகரணம். என் உடல் எடை அப்போது 62 கிலோ. நான் சுமந்தது 15 விழுக்காடுகூட இல்லை. சுற்றுலாச் சுமைதூக்கிகளின் பாதுகாப்புக்காக உருவான சர்வதேசக் குழு ஒன்று நேப்பாளத்தில் ஒருவர் மேல் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது. மலைநோய் கண்ட ஓர் இளம் சுமைதூக்கியைத் தனியாகக் கீழே அனுப்பி அவர் இறந்துபோன பிறகு, 1997இல்தான் அப்படி ஒரு குழுவே பிறந்தது.

இப்போது கட்டுரையில் எழுதாமல் விட்டது. யாக் கார்க்கா விடுதியில் இருபது வயதுபோல ஓர் இளைஞரைப் பார்த்தேன். ஐரோப்பியர் இருவரின் பெரிய பைகளைச் சேர்த்துக் கட்டி நாம்லோவில் தூக்கி வந்தவர். கட்டின் உச்சியில் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்று. அவர் சொந்தச் சாமான் அவ்வளவுதான். கிராம் கணக்கு போடும் நம் ஆட்கள் யாரும் அந்தப் பையின் பக்கத்தில் நிற்க முடியாது. அவர் என் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "ஹலுகா" என்றார். லேசு என்று அர்த்தம். பிறகு கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமுமாகக் கேட்டார்: "மீதி எங்கே?"

மீதி எங்கே என்பதற்கு இரண்டு நாள் கழித்துப் பதில் கிடைத்தது. தோரோங் ஃபேடியிலிருந்து விடியுமுன் கிளம்பி ஏறிக்கொண்டிருந்தோம். காற்று பிடித்துக்கொண்டது. நம்மைப்போல ஆட்களுக்குக் குளிர் என்றால் கேமரன் மலை. அதற்குக் கீழே ஒரு குளிர் இருக்கிறது என்பது தோலுக்குத் தெரியாது. என்னிடம் மெல்லிய உள்ளுறை கையுறை ஒரு ஜோடி மட்டும்தான். தடித்த ஜோடியை 90 கிராம் மிச்சம் என்று கிள்ளானிலேயே எடுத்து வைத்துவிட்டேன். முதலில் விரல் வலித்தது. பிறகு வலி நின்றது. வலி நின்றதும் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. பின்னால் வந்த அந்த இளைஞர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். தான் கைகளை ஜாக்கெட்டின் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு, நெற்றிப்பட்டையில் சுமை தொங்க, எனக்கு முன்னால் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்னபூர்ணாவின் வடக்குச் சரிவைப் பார்த்தபடி, ஹெர்சாக்கின் கையுறைக் கதையை வரிவரியாக அறிந்த நான், இன்னொருத்தர் கையுறையைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

முக்திநாத்தில் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஐந்நூறு ரூபாய். வாங்கிக்கொண்டார். பெயர் கேட்டேன், சொன்னார், எழுதி வைக்கவில்லை. இப்போது நினைவில்லை. ஜொம்சோமில் தின்ற ஆப்பிள் பையின் விலை நினைவிருக்கிறது.

இது கட்டுரையில் இல்லை. இருந்திருந்தால் 'ஒன்பது கிலோ' என்ற தலைப்பு நின்றிருக்காது. அந்தத் தலைப்பைக் காப்பாற்றத்தான் அவரை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். இலக்கியத்தில் சிக்கனம் என்று நாம் கொண்டாடுகிற பல இடங்களில் உண்மையில் நடப்பது இதுவாகவும் இருக்கலாம். எதை வெட்டினோம் என்பதைவிட யாரை வெட்டினோம் என்று பார்க்க வேண்டும்.

2014 அக்டோபரில் இதே கணவாய்ப் பகுதியில் திடீர்ப் பனிப்புயல். அன்னபூர்ணா, தவுலாகிரிப் பகுதிகளில் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். வெளிநாட்டவர் மட்டும் அல்ல, வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும். அடுத்த ஆண்டு ஜூனில் நம் கினாபாலுவில் நிலநடுக்கம், பதினெட்டு பேர். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள், மலைவழிகாட்டிகளும் இருந்தார்கள். காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து இறக்கியவர்கள் அந்த ஊர் மாலிம் குனுங்குகள். கினாபாலு போய்வந்த நம் ஆட்களின் எழுத்துகளைத் தேடிப் படியுங்கள். பானாலாபானில் சூடாகச் சோறு 'இருக்கும்'. அந்த அரிசி 3,200 மீட்டருக்கு மேலே எப்படிப் போனது என்பது அபூர்வமாகத்தான் வரும்.

முக்திநாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்பது வைணவ மரபு. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. கணவாயிலிருந்து ஆயிரத்து அறுநூறு மீட்டர் இறங்கி, முட்டி கழன்று வந்து நின்றால், கோயில் வாசலில் தமிழ் கேட்கிறது. ஜொம்சோமுக்கு விமானத்திலும் அங்கிருந்து ஜீப்பிலும் வந்த யாத்திரைக் குழு. சேலைக்குமேல் ஸ்வெட்டர் போட்ட பாட்டி ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்தா வந்தே? எதுக்குப்பா?" நான் ஏதோ சொன்னேன். "தனியாவா?" என்றார். "ஆமாம் பாட்டி, தனியாத்தான்" என்றேன். அந்தக் கையுறையை நான் திருப்பிக் கொடுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பாட்டிக்குச் சொன்ன அந்தப் பதிலைத்தான் பிறகு கட்டுரையாக விரித்து எழுதியிருக்கிறேன். மலைநூல்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த தனிமை அது. சுற்றிலும் பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருக்க, நடுவில் ஒருவர் தனியாக இருப்பது. ஷிப்டனிடம் இது குறைவு, ஹெர்சாக்கிடம் அதிகம், மத்தீசனிடம் மிக அழகு. அழகாக இருப்பதால் அவரிடமிருந்துதான் நாம் அதிகம் எடுத்துக்கொள்கிறோம். அவர்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றையும் படியுங்கள். நான்காவதாக ஆங் தார்க்கேயையும் படியுங்கள். முடிந்தால் அவரை முதலில் படியுங்கள்.

தம்பிக்கு நேற்று பதில் அனுப்பினேன். பழைய கட்டுரையை அனுப்பவில்லை.

"லிஸ்ட் அனுப்பியிருக்கேன். ரெண்டு திருத்தம். தடிச்ச கையுறை ஒரு ஜோடி சேத்துக்கோ, 90 கிராம்தான். அது மேல இன்னொரு ஜோடியும் வச்சுக்கோ, யாருக்காச்சும் தேவைப்படும். 2023லேர்ந்து கைடு இல்லாம போகக்கூடாதுன்னு ரூல் வந்திருக்கு, அதனால எப்படியும் ஒருத்தர் கூட வருவாரு. அவர்கிட்ட ஜாக்கெட்டு, இன்சூரன்ஸ் இருக்கான்னு மொதல்ல கேளு. சிம் கார்டு வாங்கு, அம்மாவுக்கு போன் பண்ணு. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துக்க. பாத்த ஆளுங்க பேர அன்னன்னிக்கே எழுதி வை. மலை பேரு மேப்புல இருக்கும், அத எழுத வேணாம்."

"அப்ப மொத்தம் எவ்ளோ கிலோ வருது அண்ணே?" என்று கேட்டிருக்கிறார்.

ஒன்பதரை என்று போட்டேன்.